உங்களுக்குச் சுகரா?

போன தை மாதம் நான் ஒரு பொய் சொன்னேன்.

திண்டுக்கல்லில், வத்தலக்குண்டு ரோட்டை ஒட்டிப் புதிதாக வீடு கட்டியிருந்த நண்பர் பால் காய்ச்சினார். வாசலில் கல்கண்டுத் தட்டு. கூடத்தில் உட்கார்ந்ததும் டம்ளரில் பால் வந்தது. குடித்து முடித்துப் பார்த்தால் கரையாத சீனி அடியில் ஈரமணல் மாதிரி கிடந்தது. பந்திக்குப் போனால் இலையில் முதலில் கேசரி. இட்லி வருவதற்கு முன்பே லட்டுத் தூக்கோடு நண்பரின் அக்கா வந்துவிட்டார். நான் இலைக்கு மேல் கையை விரித்தேன்.

“ஏன் தம்பி?”

“இனிப்பக் கொறைச்சிருக்கேன்க்கா.”

“எல்லாருந்தான் கொறைச்சிருக்கோம். வீடு குடிபோற அன்னைக்கு வேணாம்னு சொல்லலாமா? ஒரே ஒரு லட்டு. ஒண்ணும் செய்யாது.”

என் விரலிடுக்கில் லட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் சொன்னேன். “எனக்குச் சுகர் இருக்குக்கா.”

கை நின்றது. “அய்யய்யோ, மொதல்லயே சொல்லக் கூடாதா” என்று லட்டை எடுத்துக்கொண்டு, கூடுதலாக ஒரு வடையை வைத்துவிட்டுப் போனார். அதுவரை அடம்பிடித்த விருந்தாளியாக இருந்தவன் ஒரு நொடியில் இரக்கத்துக்குரியவன் ஆனேன். மூன்றாம் நாள் செம்பட்டியிலிருந்து சித்தி போன் செய்தார். “ஒனக்குச் சுகராமே? எங்கிட்ட ஏண்டா சொல்லல? பாவக்காயை அரைச்சு வெறும் வயித்துல குடி.” எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது. அதை இப்போது யாரும் நம்புவதாக இல்லை.

அந்தப் பந்தியில் என் பக்கத்து இலைக்காரருக்கு நிஜமாகவே சர்க்கரை உண்டு. பத்து வருடமாக மாத்திரை. அவர் கேசரியையும் லட்டையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் பாயசத்தையும் விடாமல், என் காதோரம் சாய்ந்து சொன்னார்: “ராத்திரி மாத்திரை ஒண்ணு கூடப் போட்டுக்கிட்டாப் போச்சு.” (போகாது. மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையைக் கூட்டினால் சர்க்கரை சடாரென்று இறங்கி ஆளைக் கீழே தள்ளிவிடலாம்.) ஆக, அந்த இரண்டு இலைகளிலும் இரண்டு பொய்கள். நோய் இல்லாதவன் இருப்பதாகச் சொல்ல வேண்டும், இருப்பவன் இல்லாதது போல் உண்ண வேண்டும். அப்போதுதான் இரண்டு பேரும் மரியாதையாகக் கை கழுவ எழ முடியும்.

இனிப்பை எப்படி விடுவது என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: நாக்கைக் கட்டு. நாக்கு உன்னுடையது, ஆசை உன்னுடையது, தோற்றால் குற்றமும் உன்னுடையது. எனக்கு அந்தப் பதிலில்தான் சந்தேகம். என் நாக்கு என்னுடையது என்றால் என் இலையில் இத்தனை பேர் கை ஏன் இறங்குகிறது?

தொட்டிலில் இருந்தே பாருங்கள். நம் பக்கத்தில் பிள்ளை பிறந்தால் சேனை வைப்பார்கள். குடும்பத்தில் நல்ல பெயரெடுத்த ஒருவர் சீனித்தண்ணீரையோ தேனையோ விரலால் தொட்டு, பிறந்த குழந்தையின் நாக்கில் தடவுவார். தொட்டுவைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. பிள்ளை வளர்ந்து அடாவடி செய்தால் “இவனுக்கு எவன்டா சேனை வச்சது?” என்று கேட்பதும் அதனால்தான். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, வேண்டாம் என்று மருத்துவமனைச் சுவரெல்லாம் எழுதியிருக்கிறது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சிளம் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் ஒரு வயதுக்குள் தேனே கூடாது என்கிறார்கள். இருந்தும் பிரசவ வார்டில் நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு விரல் நீளுகிறது. குணம் வருகிறதோ இல்லையோ, சீனி வந்துவிடுகிறது. நாம் கண் திறப்பதற்கு முன்பே நம் வாயில் இன்னொருவர் நம்பிக்கை.

மூடநம்பிக்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். சிரிப்பதற்கு முன் நம் வீட்டுக் கல்யாணங்களையும் பார்த்துவிடுவோம். சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்று அண்ணா ஆட்சியில் சட்டத்திருத்தம் வந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. நல்ல நேரம் பார்க்காமல், புரோகிதர் இல்லாமல், ராகுகாலத்திலேயே தாலி கட்டிய கல்யாணங்களுக்கு நான் போயிருக்கிறேன். அங்கேயும் இலையில் முதலில் விழுந்தது இனிப்புதான். ஐயரை விலக்க முடிந்தவர்களால் அல்வாவை விலக்க முடியவில்லை. ‘நல்ல காரியம், இனிப்பில் தொடங்கணும்’ என்கிற வாக்கியத்தில் இருப்பதும் சகுனம்தான். அதற்கு மட்டும் நாம் பண்பாடு என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வெளியே வந்தால் டீக்கடை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கூட்டமான ஒரு கடையில் மாஸ்டரின் கையை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். ஏழெட்டு கிளாஸை வரிசையாக வைக்கிறார். சீனி டப்பாவில் கரண்டியை விட்டு, கிளாஸ் கிளாஸாகக் கொட்டிக்கொண்டே போகிறார். கண் அந்தப் பக்கம் இல்லை, ரோட்டில் இருக்கிறது. அதன் மேல் டிக்காஷன், அதன் மேல் பால். நீங்கள் போய் “சீனி கம்மி” என்று சொல்லும்போது சீனி ஏற்கெனவே உள்ளே விழுந்திருக்கும். அவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: கலக்காமல் கொடுப்பார். அங்கே ‘கம்மி’ என்பது சீனியின் அளவில் இல்லை, கரண்டி சுற்றுவதில் இருக்கிறது. கடைசி வாயில் மொத்தமாக வந்து சேரும். “சீனியே வேணாம்ணே” என்று சொல்லிப் பாருங்கள். அப்போதுதான் அவர் முதல் தடவையாக நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்ப்பார்.

“சுகராண்ணே?”

பெஞ்சில் இருக்கும் நான்கு பேரும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்குவார்கள்.

கணக்கு எளிது. தலை தட்டிய தேக்கரண்டிச் சீனி 4 கிராம் இருக்கும். மாஸ்டர் கை தலை தட்டுகிற கை இல்லை. கிளாஸுக்கு இரண்டு கரண்டி என்று வைத்து மூன்று டீ குடித்தால் குறைந்தது 24 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன வரம்பு, உணவில் தனியாகச் சேரும் சர்க்கரை மொத்த ஆற்றலில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்; ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. ஐந்து சதவீதம் என்றால் நாளுக்கு ஏறத்தாழ 25 கிராம். ஆகவே கேசரி, லட்டு, பிஸ்கட், குளிர்பானம் எதையும் தொடாத உத்தமர்கூட மூன்றாவது டீயோடு தன் பங்கை முடித்துவிடுகிறார்.

இதையே ரேஷன் கடை அளவோடு ஒப்பிட்டால் ஒரு வேடிக்கை தெரியும். தமிழ்நாட்டில் ரேஷனில் தலைக்கு மாதம் அரைக் கிலோ சீனி, குடும்பத்துக்கு அதிகபட்சம் 2 கிலோ. அரைக் கிலோவை முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளுக்குப் பதினாறு, பதினேழு கிராம். ரேஷன் சீனியோடு நிறுத்திக்கொள்கிற குடும்பம், உலகத்தின் கறாரான மருத்துவ வரம்புக்குள் சௌகரியமாக வாழ்ந்துகொண்டிருக்கும். ‘ரேஷன் சீனி எந்த மூலைக்குக் காணும்?’ என்று நாம் ஏளனமாகக் கேட்கும் அளவுதான் மனித உடம்புக்குக் காணும் அளவு.

அரசாங்கமும் நம் வீட்டுப் பெரியவர்களைப் போலத்தான். 2025 பொங்கலுக்கு ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக் கரும்பு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதே வீட்டுக்குச் சர்க்கரை மாத்திரையும் தேடி வருகிறது. இரண்டையும் நான் குறை சொல்லவில்லை. இரண்டாவது, நல்ல திட்டம். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. ஏழு பேரில் ஒருவர். பந்தியில் ஒரு வரிசைக்கு இருபது இலை என்றால் மூன்று இலைக்காரர்களுக்குச் சர்க்கரை உண்டு. லட்டுத் தூக்கு எந்த இலையிலும் நிற்காமல் போகிறது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இனிப்புத் தின்பவர்களுக்கெல்லாம் சர்க்கரை நோய் வருவதில்லை; தின்னாதவர்களுக்கு வராமலும் இருப்பதில்லை. பரம்பரை, தொப்பை, உட்கார்ந்த வேலை, மூன்று வேளையும் அரிசி எல்லாம் அதில் சேரும். இட்லியும் ரத்தத்தில் குளுக்கோஸாகத்தான் போய்ச் சேருகிறது. அதனால் ‘இனிப்பு தின்னே, அதான் வந்துச்சு’ என்று நோயாளியைக் குத்திக்காட்டுவது அறிவியல் இல்லை. கர்மவினைப் பேச்சை வெள்ளைக் கோட்டு போட்டுச் சொல்வது. பாவம் செய்தவனுக்குத் தண்டனை என்கிற பழைய கதைதான் அது. ஊட்டிவிட்டவர்கள் அந்தக் கதையில் வருவதே இல்லை.

ஊட்டிவிடுகிறவர்களில் பெரிய கைகளும் உண்டு. 1960களில் அமெரிக்கச் சர்க்கரைத் தொழிலின் ஆராய்ச்சி அமைப்பொன்று ஹார்வர்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகளுக்கு 6,500 டாலர் கொடுத்தது. 1967இல் வெளியான அவர்களின் கட்டுரை, இதய நோய்க்கான பழியைச் சர்க்கரையிடமிருந்து கொழுப்பின் பக்கம் தள்ளியது. யார் பணம் என்பது கட்டுரையில் இல்லை. பழைய கடிதங்களைத் தோண்டி 2016இல்தான் அது வெளியே வந்தது. இப்படிப்பட்ட ஆட்டத்தில் ஒரு தனி மனிதனைப் பார்த்து ‘உனக்கு மன உறுதி போதாது’ என்று சொல்வது கொஞ்சம் அதிகப்படி.

இனி நம்முடைய சாக்குகள். திண்டுக்கல்லிலிருந்து எந்த நான்குவழிச் சாலையில் போனாலும் கருப்பட்டிக் காபி, நாட்டுச் சர்க்கரை டீ என்று போர்டு. ‘சீனிதான் விஷம், இது இயற்கை, எவ்வளவு வேணாலும் குடிக்கலாம்.’ வெல்லத்திலும் நாட்டுச் சர்க்கரையிலும் பத்தில் எட்டுப் பங்குக்குக் குறையாமல் அதே சர்க்கரைதான் இருக்கிறது. மீதியில் கொஞ்சம் இரும்புச்சத்து உண்டு. அந்தச் சத்துக்காக வெல்லம் தின்பது ஆணிக்காக வீட்டை வாங்குவது போல. ஒரு பிடி முருங்கைக்கீரை மலிவு. வெல்லம் பளிச்சென்று மஞ்சளாக இருந்தால்தான் வாங்குவோம் என்று நாம் பிடித்த பிடிவாதத்தால் சில ஆலைகளில் ஹைட்ரோஸ் என்கிற ரசாயனத்தைப் போட்டு வெளுக்கிறார்கள். வெல்லப் பாகில் வெள்ளைச் சீனியைக் கொட்டிக் கலப்பதும் உண்டு. சீனிக்குப் பயந்து வெல்லத்துக்கு ஓடியவனை அங்கேயும் சீனி வரவேற்கிறது.

அடுத்தது, பிரசாதம். “பழனியாண்டவர் பஞ்சாமிர்தம்தானே, ஏறாது” என்று ரத்தப் பரிசோதனைக்கு வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் என்னிடமே சொன்னார். வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், கல்கண்டு, பேரீச்சம்பழம், நெய், ஏலக்காய். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம்; ருசியில் எனக்கு அதோடு எந்தத் தகராறும் இல்லை. ஆனால் குடலுக்குப் புவிசார் குறியீடும் தெரியாது, சாமியும் தெரியாது. நம்பிக்கை உள்ளவர்களிடமே ஒரு கேள்வி கேட்கிறேன். திண்டுக்கல்லிலிருந்து பழனி அறுபது கிலோமீட்டர் போல இருக்கும். தைப்பூசத்துக்கு அத்தனையும் நடந்து, மலையேறி இறங்கி, உள்ளங்கையில் ஒரு கரண்டி வாங்கி நக்கினார்களே, அந்தக் கரண்டிக்கும் அந்த நடைக்கும் ஒரு கணக்கு இருந்தது. இப்போது காரில் ஒரு மணி நேரத்தில் போய் ஐந்து டப்பா வாங்கி வந்து ஃபிரிட்ஜில் அடுக்குகிறோம். அறுபது கிலோமீட்டர் எங்கே போயிற்று?

என் அப்பத்தா கருப்பட்டியை ஒரு மரப்பெட்டியில் வைத்திருந்தது. பெட்டிக்குத் திண்டுக்கல் பூட்டு. கை அகலத்துக்குக் கனமான பூட்டு, சாவி அப்பத்தாவின் சுருக்குப்பையில் வெற்றிலையோடு கிடக்கும். பேரப்பிள்ளைகள் திருடுவோம் என்றுதான் பூட்டு என நான் நினைத்திருந்தேன். ஒரு நாள் கேட்டபோது, “எனக்கே கை நீளும்டா” என்றது. அந்தக் கிழவி தன் வைராக்கியத்தை நம்பவில்லை. தனக்கும் கருப்பட்டிக்கும் நடுவில் ஒரு இரும்புத் துண்டை வைத்தது. எழுந்து, பையை அவிழ்த்து, சாவி எடுத்து, பூட்டோடு மல்லுக்கட்டுவதற்குள் பாதி ஆசை போய்விடும். நான் படித்த எந்த டயட் புத்தகத்திலும் இதைவிட நல்ல யோசனை கிடையாது.

என் அனுபவமும் அதுதான். எனக்குச் சாயங்காலம் நான்கு மணிக்கு ஜிலேபி வேண்டும். அலுவலகத்திலிருந்து வரும் தெருவில் ஒரு கடை. அந்த நேரத்துக்குத்தான் வாணலியில் மாவைச் சுற்றுவார்கள். சுற்றி, திருப்பி, பாகில் அமுக்கி எடுத்துத் தட்டில் போடும்போது ஓரத்திலிருந்து பாகு வடியும். அந்த வாசனைக்கு முன்னால் என் பகுத்தறிவு ஒரு நாள்கூட ஜெயித்ததில்லை. கடைசியில் தெருவை மாற்றினேன். இருநூறு மீட்டர் சுற்று. இரண்டு வாரம் நான்கு மணிக்கு வாய் ஊறியது. அப்புறம் நான்கு மணி வெறும் நான்கு மணியாகிவிட்டது. டீயில் இரண்டு வாரத்துக்குக் கால் கரண்டி வீதம் குறைத்தேன். முதல் பத்து நாள் டீ துவர்த்த சுடுதண்ணீர்தான். இரண்டு மாதம் போனபின் பாலுக்கே ஒரு இனிப்பு இருப்பது தெரிந்தது. சிறுமலைப் பழம் சின்ன வயதில் இனித்த மாதிரி இனித்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் 2016இல் இதைச் சோதித்திருக்கிறார்கள்: சர்க்கரையைக் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கு மூன்றாம் மாதத்தில் அதே பண்டம் கூடுதலாக இனித்தது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்ப அனுமதித்ததும் அவர்கள் பழையபடி தின்ன ஆரம்பித்தார்கள் என்பதும் அந்த ஆய்வில்தான் இருக்கிறது. மறைக்க விரும்பவில்லை.

கடை வழியை மாற்றலாம். சொந்தக்காரர் வீட்டு வழியை எப்படி மாற்றுவது? அங்கேதான் சிக்கல். சாராயத்தை யாராவது வலுக்கட்டாயமாக ஊற்றினால் ‘வேணாம்னா விடுய்யா’ என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். லட்டுக்கு யாரும் வருவதில்லை. திணிப்பதற்கு நாம் அன்பு என்று பெயர் வைத்திருப்பதால், மறுப்பது அன்பை மறுப்பது ஆகிவிடுகிறது. டாக்டர் சீட்டு இருந்தால் மட்டும் விடுதலை.

ஆரோக்கியமானவர்கள் கூட்டமாக இனிப்பை மறுத்த காலம் ஒன்று உண்டு. 1791இல் இங்கிலாந்தில் வில்லியம் ஃபாக்ஸ் என்பவர் ஒரு சிறு பிரசுரம் போட்டார். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளை வதைத்து விளைவிக்கும் சீனியை வாங்குகிறவனும் அந்தக் கொடுமையில் கூட்டாளி என்றார். மூன்று லட்சம் பேர் சீனியைக் கைவிட்டதாக அடிமை எதிர்ப்பு இயக்கத்தின் தாமஸ் கிளார்க்சன் கணக்கிட்டார். டீ மேசை பெண்கள் வசம் இருந்ததால் பல வீடுகளில் அவர்களே அதை முன்னின்று நடத்தினார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்க நம்மிடம்தான் வந்தார்கள். மொரிஷியஸ், ஃபிஜி, நேட்டால். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் டர்பனில் இறக்கியது கரும்பு வெட்டப்போன கூலிகளை. ஃபிஜித் தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட பாட்டைப் பாரதி பாட்டாகவே எழுதிவைத்தார். அந்தப் பாட்டைப் பள்ளி விழாவில் உருக்கமாகப் பாடி முடித்ததும் நாம் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கிறோம். அது கிடக்கட்டும். நான் கேட்பது சின்ன விஷயம். அந்த மூன்று லட்சம் பேருக்கு ஒரு காரணம் இருந்தது. காரணமே இல்லாமல், வெறுமனே பிடிக்கவில்லை என்று சொல்லவும் ஒரு மனிதனுக்கு உரிமை வேண்டாமா?

பொய் உறுத்திக்கொண்டே இருந்தது. போன வாரம் நண்பரின் அக்காவுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். எனக்குச் சுகரெல்லாம் இல்லக்கா, அன்னைக்குச் சும்மா சொன்னேன், மன்னிச்சுக்கங்க. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“அப்ப ஏன் தம்பி லட்டு வாங்கல?”

அடுத்த விசேஷத்தில் லட்டுத் தூக்கு உங்கள் கையில் இருக்கலாம். யாராவது இலைக்கு மேல் கையை விரித்தால், ஒன்றும் கேட்காமல் அடுத்த இலைக்கு நகர்ந்துவிடுங்கள்.